பிலிப்பைன்ஸில் மிஷனரியாக இருக்கும் பிள்ளையின் ஒரு நாள் எப்படிப் போகிறது?

கேள்வி திருகோணமலையில் இருக்கும் ஒரு சைவக் குடும்பத்திலிருந்து வந்திருக்கிறது. கேட்டவரின் தங்கை கனடாவுக்குப் போய், அங்கே மோர்மன் சபையில் சேர்ந்தவர். தங்கையின் மகனுக்கு 19 வயது. ஸ்காபரோவில் வளர்ந்த பிள்ளை, இப்போது இரண்டு வருடத்துக்கு மிஷனரியாகப் பிலிப்பைன்ஸின் செபு தீவுக்குப் போயிருக்கிறான். இங்கே அம்மம்மா பத்திரகாளி அம்மன் கோயிலில் அவன் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு அழுதுகொண்டு வருகிறாராம். “பெறாமகன் அங்கே நாள் முழுக்க என்ன செய்கிறான்? நினைத்த நேரம் ஏன் கதைக்க முடியவில்லை? சம்பளமும் இல்லையாம். பிள்ளையை யாரும் பிடித்து வைத்திருக்கிறார்களா? திரும்பி வரும்போது எங்கள் பிள்ளையாக வருவானா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயத்துக்கான பதிலை முதலில் சொல்கிறேன். அவனை யாரும் பிடித்து வைக்கவில்லை. தானாக விண்ணப்பித்தவர்களைத்தான் அந்தச் சபை அனுப்புகிறது. நடுவில் “என்னால் முடியவில்லை, வீட்டுக்குப் போகிறேன்” என்று சொன்னால் பயண ஒழுங்கு செய்து அனுப்பிவிடுவார்கள். கட்டுப்பாடு மிக அதிகம் என்பது உண்மைதான். நாம் கேள்விப்படுகிற எந்தச் சபையின் இளைஞர் ஊழியத்தையும்விட அதிகம். அந்தக் கட்டுப்பாடு எப்படிப்பட்டது என்று தெரிந்தால் அம்மம்மாவின் அழுகை பாதி குறையும் என்று நினைக்கிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவன், திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவன். ரொறன்ரோவில் இருந்த காலத்தில் எங்கள் வீட்டு பேஸ்மென்டை இந்த மிஷனரிகளுக்குத்தான் வாடகைக்கு விட்டிருந்தோம். வருவார்கள், சில மாதம் இருப்பார்கள், மாறிப் போவார்கள், வேறு இரண்டு பேர் வருவார்கள். அவர்களுடைய கோட்பாட்டை நான் ஏற்கவில்லை. மும்மைக் கடவுளைப் பற்றி அவர்கள் சொல்வது வேறு. வேதாகமத்தோடு மோர்மன் புத்தகத்தையும் வேதமாக வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 2001இல் அவர்களுடைய திருமுழுக்கு செல்லாது என்றே அறிவித்தது. இந்த வேறுபாடுகள் சின்னவை அல்ல. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் விடியக்காலை எழும்பிப் படிப்பதையும், பனியில் போய்ப் பனியில் திரும்பி வருவதையும் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

சபையின் முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் தொடங்கியது. இன்று தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சோல்ட் லேக் நகரத்தில். ஆண் பிள்ளைகள் 18 வயதிலிருந்து போகலாம், இரண்டு வருடம். 2012க்கு முன் அது 19 ஆக இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு 18 மாதம். எந்த நாடு என்று பிள்ளை தெரிவு செய்ய முடியாது. தலைமையகத்திலிருந்து கடிதம் வரும். அதில் என்ன இடம் போட்டிருக்கிறதோ அங்கேதான். உங்கள் பெறாமகன் செபுவைத் தானாகக் கேட்டுப் போகவில்லை.

போவதற்கு முன் பயிற்சி நிலையத்தில் இருக்க வேண்டும். புது மொழி தேவையில்லாதவர்களுக்கு ஏறத்தாழ மூன்று வாரம், புது மொழி படிக்கிறவர்களுக்கு ஆறு முதல் ஒன்பது வாரம் வரை. இப்போது அதில் ஒரு பகுதி வீட்டிலிருந்தே இணையத்தில் நடக்கிறது. செபுவில் செபுவானோ பேசுவார்கள். நமக்குத் தெரிந்த எந்த மொழிக்கும் அது பக்கத்தில் இல்லை. அதனால் முதல் மாதங்களில் அவன் வாயைத் திறக்கவே கூச்சப்பட்டுக்கொண்டிருப்பான். கனடாவில் நன்றாகக் கதைக்கிற பிள்ளை, செபுவில் ஒரு கடையில் சவர்க்காரம் கேட்கவும் திணறுவான். எங்கள் பேஸ்மென்டில் இருந்த பிள்ளைகளில் மொழி தெரியாமல் வந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். வாசற்படியில் கிடைக்கிற அவமானத்தை அவர்கள் தாங்கிக்கொண்டார்கள். ஒரு வயோதிபர் அன்பாக ஏதோ சொன்னதைத் தங்களால் விளங்கிக்கொள்ள முடியவில்லையே என்பதற்குத்தான் அழுதார்கள்.

சரி, ஒரு நாள் எப்படிப் போகும்? நெடுங்காலமாக இருக்கிற ஒழுங்கு காலை ஆறரைக்கு எழும்புவது. 2017இலிருந்து அந்தந்த நாட்டுக்கு ஏற்ப நேரத்தைக் கொஞ்சம் மாற்ற விட்டிருக்கிறார்கள், ஆனால் சட்டகம் மாறவில்லை. எழும்பினவுடன் செபம், அரை மணி நேரம் உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு. அப்புறம் தனியே வேதம் படிப்பது, கூட இருப்பவரோடு சேர்ந்து படிப்பது, மொழி படிப்பது. பத்து மணியளவில் வெளிக்கிடுவார்கள். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டி. பெயருக்கு முன்னால் ‘எல்டர்’ என்று போட்டு, குடும்பப் பெயரைத்தான் சொல்லிக் கூப்பிடுவார்கள். செபுவில் இருக்கிறவர்கள் ஜீப்னி என்கிற சிறு பயணிகள் வாகனத்தில் ஏறியும் நடந்தும் வீடு வீடாகப் போவார்கள். ஏற்கெனவே சந்தித்தவர்களை மறுபடி போய்ப் பார்ப்பார்கள், நோயாளிகளைப் பார்ப்பார்கள், யாருடையாவது கூரையைத் திருத்தவோ வீடு மாறவோ கை கொடுப்பார்கள், சில இடங்களில் இலவச ஆங்கில வகுப்பு நடத்துவார்கள். இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு அறைக்குத் திரும்பி, அடுத்த நாளைத் திட்டமிட்டு, பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். படம் இல்லை, தொலைக்காட்சி இல்லை, காதல் இல்லை. கைத்தொலைபேசி உண்டு, ஆனால் ஊழிய வேலைக்குத்தான்.

இந்த இரண்டு வருடமும் அவன் தனியே இருக்க மாட்டான் என்பதை அம்மம்மாவிடம் மறக்காமல் சொல்லுங்கள். எப்போதும் இரண்டு பேர். குளியலறை தவிர மற்ற இடமெல்லாம் மற்றவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒரு தரம் மாற்றங்கள் வரும். சிலர் அதே துணையோடு அதே ஊரில் தொடர்வார்கள், சிலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போவார்கள். துணையாக வருகிறவர் பிலிப்பைன்ஸ்காரராக இருக்கலாம், தொங்காத் தீவுக்காரராக இருக்கலாம். தெரிவு இவன் கையில் இல்லை. வெளியே இருந்து பார்ப்பவர்கள் கதவடைப்பதுதான் மிஷனரிக்குப் பெரிய கஷ்டம் என்று நினைப்பார்கள். நான் பார்த்தவரையில், ஒத்துப்போகாத ஒருவரோடு ஒரே அறையில் ஒரே பானையில் சமைத்துச் சாப்பிட்டு, இரவு அவரோடு சேர்ந்து முழங்காலில் நின்று செபிப்பதுதான் கடினம். கோபத்தை வைத்துக்கொண்டு ஒருவரோடு சேர்ந்து செபிக்க முடியாது. ஆகவே மன்னிப்புக் கேட்கப் பழகுகிறார்கள். 19 வயதில் இதைப் பழகிய பிள்ளை நாளைக்கு நல்ல கணவனாக வருவான் என்று என் மனைவி சொல்வாள். நானும் அதை நம்புகிறேன்.

காசு விஷயம். சம்பளம் கிடையாது என்பது சரிதான். அதற்கு மேலே, பிள்ளையும் குடும்பமும்தான் செலவைக் கட்டுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்கு 2020 யூலை முதல் மாதம் 500 டொலர், அதற்கு முன் 400. எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரே தொகை. அது பொதுப் பணப்பையில் சேர்ந்து, அங்கிருந்து அந்தந்த நாட்டு வாடகையும் சாப்பாட்டுக் காசும் போகும். கட்ட வசதி இல்லாதவர்களுக்குச் சபை உதவுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக் காலத்திலிருந்தே சேமித்து வைப்பார்கள். உங்கள் பெறாமகன் ஏதாவது கடையில் வேலை செய்து சேர்த்த காசும் இதற்குள் இருக்கக்கூடும். தங்கையிடம் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் மனதில் இருக்கிற கேள்வி சூறாவளி. 2004 டிசம்பரைக் கண்ட திருகோணமலைக்காரர்களுக்குத் தீவு, கடல் என்றாலே நெஞ்சு பதறும். 2013 நவம்பர் 8ஆம் திகதி ஹையான் சூறாவளி பிலிப்பைன்ஸின் தக்லோபான் நகரைத் தரைமட்டமாக்கியபோது அந்தப் பகுதியிலும் இந்தச் சபையின் மிஷனரிகள் இருந்தார்கள். எல்லோரும் உயிர் தப்பினார்கள். பிறகு மணிலாவுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தலைவரும் அவர் மனைவியும் மூன்று வருடத்துக்குப் பொறுப்பாக இருப்பார்கள். காய்ச்சல் வந்தாலும் காற்று வந்தாலும் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். இரவில் எந்த அறையில் எந்தப் பிள்ளை படுத்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இனி விசுவாசம். இதைத்தான் நான் விரிவாக எழுத விரும்பினேன்.

வீட்டிலே இருக்கும்வரை பிள்ளையின் விசுவாசம் பெரும்பாலும் தாய் தகப்பனுடையது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மா எழுப்பினால் சேர்ச்சுக்குப் போவோம், வெள்ளிக்கிழமை அம்மம்மா கூப்பிட்டால் கோயிலுக்குப் போவீர்கள். செபுவில் அவனை எழுப்ப ஆளில்லை. மணி அடிக்கிறது, எழும்ப வேண்டும். ஒருவரும் கேட்காத செய்தியைச் சொல்லப் போவதற்காக எழும்ப வேண்டும். பிலிப்பைன்ஸ் மக்களில் மிகப் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். ஏற்கெனவே மாதாவிடமும் சாந்தோ நினோ என்று அவர்கள் கொண்டாடும் குழந்தை இயேசுவிடமும் உயிரையே வைத்திருப்பவர்கள். மரியாதையாக உட்கார வைத்து, சோறும் கருவாடும் கொடுத்து, கதையைக் கேட்டுவிட்டு, “நாங்கள் எங்கள் சேர்ச்சிலேயே இருக்கிறோம், தம்பி” என்று அனுப்பிவிடுவார்கள். ஒரு நாள் அல்ல, வாரக்கணக்கில் இப்படி நடக்கும். அப்போது அந்தப் பிள்ளை தன்னைத்தானே கேட்கிறான்: நான் சொல்வது உண்மையா? உண்மையென்றால் ஏன் ஒருவருக்கும் தேவைப்படவில்லை? அம்மா நம்பியதால் நானும் நம்பினேனா?

இந்தக் கேள்வி வராத மிஷனரி இல்லை. எந்தச் சபையிலும் இல்லை. மோர்மன் மிஷனரிகள் மற்றவர்களிடம் “நீங்களே கடவுளிடம் கேட்டுப் பாருங்கள், அவர் பதில் தருவார்” என்றுதான் சொல்கிறார்கள். அவர்களுடைய புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் அந்த அழைப்பு இருக்கிறது. மற்றவரிடம் அதைச் சொல்கிற பிள்ளை, ஒரு இரவில் தானும் கேட்டாக வேண்டும். கீழே விளக்கணைந்த பிறகும் ஒரு பிள்ளை மெதுவாக, நெடுநேரம் செபித்துக்கொண்டிருக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டதுண்டு. என்ன கேட்டான், என்ன கிடைத்தது என்று நாங்கள் விசாரித்ததில்லை. ஆனால் வந்தபோது இருந்த பிள்ளையும் போகும்போது இருந்த பிள்ளையும் ஒன்றல்ல. வந்தபோது வாயில் பாடமாக்கிய பதில்கள் இருந்தன. போகும்போது கேட்கிற காது இருந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு அவர்கள் நோன்பு. இரண்டு வேளைச் சாப்பாட்டை விட்டு, அந்தக் காசை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். கந்தசஷ்டி விரதம் பிடிக்கிற அம்மம்மாவுக்கு இதைச் சொன்னால் பேரன் என்ன செய்கிறான் என்பது உடனே பிடிபடும். அவருக்கு மோர்மன் கோட்பாட்டை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பசியோடு கடவுளை நினைப்பது அவருக்குத் தெரியாத விஷயமா?

எல்லோரும் விசுவாசத்தோடு திரும்புவதில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். சிலருக்கு இரண்டு வருட முடிவில் அது போய்விடுகிறது. சிலர் உடல்நலத்தாலோ மனச்சோர்வாலோ நடுவில் திரும்புகிறார்கள். சபைக்குள்ளேயே சிலர் அவர்களைத் தோற்றவர்கள் மாதிரிப் பார்ப்பதுண்டு. அது பெரிய அநியாயம். உங்கள் பெறாமகன் அப்படி வந்தால், குடும்பத்தில் ஒருவராவது “ஏன் வந்தாய்?” என்று கேட்காமல் சாப்பாடு போட வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

அம்மம்மாவின் கவலைக்கு இன்னொரு வேர் இருக்கிறது. அதை நான் கிறிஸ்தவனாக இருந்துகொண்டு தட்டிக்கழிக்க முடியாது. கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டிய ஊர் இது. பிரட்றிக் கோட்டை வாசலால் நடந்துதான் இன்றும் சுவாமி மலைக்குப் போகிறோம். மதம் பரப்ப வந்தவர் என்றவுடன் இந்த ஊரில் ஒரு முதியவருக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். தன் பேரனே அந்தப் பக்கம் நிற்கிறான் என்று அவருக்கு வலிக்கிறது. அந்த வலிக்கு மரியாதை கொடுங்கள்.

ஆனால் இதே கிழக்குக் கரைக்கு வேறு விதமாக வந்தவர்களும் உண்டு. 1814இல் முதலாவது மெதடிஸ்த மிஷனரிகள் இலங்கைக்கு வந்தபோது, அந்தக் கூட்டத்தில் இருந்த வில்லியம் ஓல்ட்டின் மனைவி கப்பலிலேயே இறந்து போனார். அவர் தனியாக மட்டக்களப்புக்கு வந்து, தமிழ் படித்து, பள்ளிக்கூடம் தொடங்கி, 1815 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். ஒரு வருடம்கூட முழுதாக இருக்கவில்லை. அவர் பெயரைச் சொல்கிற கல்விப் பாரம்பரியம் அங்கே இன்றும் இருக்கிறது. பிறகு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து வந்த இயேசு சபையினர், அதாவது கத்தோலிக்கத் துறவிகள். அவர்களில் யூஜின் ஹீபர்ட் அடிகளார் 1948இல் இளைஞராக வந்தவர். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார், போர்க் காலத்தில் மக்களை விட்டுப் போகாமல் நின்றார். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், கூடச் சென்ற தமிழ் இளைஞரோடு காணாமல் போனார். இன்றுவரை இருவரும் திரும்பவில்லை. அவருக்கும் லூசியானாவில் ஒரு தாய் இருந்திருப்பார், மகன் என்ன சாப்பிடுகிறான் என்று யோசித்திருப்பார். நம்முடைய ஊர்ப் பிள்ளைகளுக்காக இன்னொரு நாட்டுத் தாய் அந்தக் கவலையைச் சுமந்திருக்கிறார். இன்று செபுவில் யாரோ ஒரு தாய் உங்கள் பிள்ளைக்குச் சோறு போடுகிறார். அம்மம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

என் கருத்தில், வேற்று நாட்டுக்குப் போகிற இளைஞன் முதலில் அந்த ஊருக்கு விருந்தாளி. அவர்கள் மொழியைப் படித்து, அவர்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அவர்கள் சாமியை இகழாமல் இருக்கிறவன்தான் தன் கடவுளைப் பற்றிப் பேசத் தகுதி பெறுகிறான். அப்படி இருக்கிறானா என்று அவனிடமே கேளுங்கள். “எத்தனை பேரைச் சேர்த்தாய்?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி அவனுக்கு வேறு பக்கத்திலிருந்து போதும் போதும் என்று வரும். “யார் வீட்டில் சாப்பிட்டாய்? அந்த அம்மாவின் பெயர் என்ன? அவருக்கு எத்தனை பிள்ளைகள்?” என்று கேளுங்கள்.

திரும்பி வரும்போது எங்கள் பிள்ளையாக வருவானா என்று கேட்டீர்கள். வருவான், கொஞ்சம் மாறி வருவான். அவன் கனடாவில் தமிழைச் சரியாகப் படிக்கவில்லை, ஆனால் ஒரு வருடத்தில் செபுவானோ கதைக்கிறான் என்று உங்களுக்கு ஒரு மனக்குறை இருப்பது எழுத்தில் தெரிகிறது. ஒரு மொழியை வாசற்படியில் நின்று, பிழை விட்டு, சிரிப்பு வாங்கிப் படித்தவனுக்கு இன்னொரு மொழி பயமில்லை. அவனுக்குத் தமிழில் நாலு வரி எழுதி அனுப்புங்கள், எளிமையான வசனமாக. அவன் எழுத்துக்கூட்டி வாசிப்பான். வீட்டுக்கு வந்த பிறகு “இப்போது தமிழைப் படி” என்று சொல்லுவதைவிட இது பலன் தரும்.

ஒரு சின்ன விஷயம், பின்னால் மனக்கசப்பு வராமல் இருக்க. அந்தச் சபையில் தேத்தண்ணியும் கோப்பியும் குடிப்பதில்லை, மதுவும் புகையும் இல்லை. திருகோணமலையில் ஒரு வீட்டுக்குப் போய் வெறும் தேத்தண்ணியை வேண்டாம் என்றால் எவ்வளவு மனவருத்தம் வரும் என்று நமக்குத் தெரியும். அவன் இங்கே வந்து வேண்டாம் என்று சொன்னால் அது பெருமையால் அல்ல என்று சொந்தக்காரருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மல்லித்தண்ணி கொடுக்கலாம், இளநீர் கொடுக்கலாம், பால் கொடுக்கலாம்.

கதைப்பதைப் பற்றி. முன்பு வருடத்தில் இரண்டு தரம்தான் விடுவார்கள்: நத்தாருக்கும் அன்னையர் தினத்துக்கும். மற்ற நாளெல்லாம் கடிதம், பிறகு மின்னஞ்சல். 2019 பெப்ரவரியிலிருந்து அந்த விதி மாறிவிட்டது. வாரத்தில் ஒரு நாள், அவர்கள் ஆயத்த நாள் என்று சொல்கிற நாளில், குடும்பத்தோடு வீடியோவில் கதைக்கலாம். துணி தோய்ப்பது, சாமான் வாங்குவது, முடி வெட்டுவது எல்லாம் அதே நாளில்தான். பெரும்பாலும் திங்கட்கிழமை, மாலை ஆறு மணி வரைக்கும். அதாவது உங்களுக்கு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது, யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். தங்கை எடுக்கிற அழைப்பிலேயே உங்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளை தனித்தனியாகப் பல பேருக்கு எடுக்க நேரம் போதாது. பிலிப்பைன்ஸ் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே திங்கள் காலை எட்டு மணி என்றால் அங்கே பத்தரை, ரொறன்ரோவில் கோடை காலத்தில் ஞாயிறு இரவு பத்தரை. தங்கைக்குப் படுக்கப் போகிற நேரம், உங்களுக்குக் காலை, அவனுக்குத் துணி காயப்போட்டு முடிந்த நேரம். மூன்று நாட்டுக்கும் ஒத்து வருகிற நேரம் அதுதான். அம்மம்மா கோயிலால் வந்தவுடன் தொலைபேசிக்கு முன்னால் உட்கார வையுங்கள். திருநீறு பூசியபடியே உட்காரட்டும்.